இரைச்சலுக்கு ஓர் இடம்

சின்னஞ்சிறு கிளப்புகளில்தான் உயிர் வாழ்கிறது இந்தியாவின் ஹெவி மெட்டல் இசை. ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் மேடைகளுக்குத்தான்.

சனிக்கிழமை மாலை ஆறு மணி. பெங்களூரில் ஒரு வணிகக் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் அந்த கிளப் இன்னும் திறக்கவில்லை. படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்கிறார்கள் நான்கு இளைஞர்கள். ஒருவர் தோளில் கிதார். இன்னொருவர் கையில் வட்டமான கனத்த பை, அதற்குள் டிரம்ஸின் உலோகத் தட்டுகள். மூன்றாமவர் சுமக்கும் பெட்டிக்குள், காலால் மிதித்து கிதாரின் ஒலியை மாற்றும் பெடல்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. நேற்று மாலை வரை இவர்களில் ஒருவர் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். ஒருவர் விளம்பர நிறுவனத்தில் படம் வரைந்துகொண்டிருந்தார். ஒருவர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். இன்று இரவு நாற்பது நிமிடங்களுக்கு மட்டும் இவர்கள் வேறு மனிதர்கள்.

எட்டு மணிக்குக் கதவு திறக்கிறது. உள்ளே வருபவர்களில் பெரும்பாலோர் கறுப்பு டி-ஷர்ட். மார்பில் வேர்களும் முட்களும் பின்னிக் கிடப்பது போல எழுத்துக்கள். அது எந்தக் குழுவின் பெயர் என்பது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டுமே படிக்க வரும். நூற்றைம்பது பேர் நின்றால் கூடம் நிரம்பிவிடும். விளக்கு அணைகிறது. டிரம்ஸ்காரர் குச்சிகளை நான்கு முறை தட்டுகிறார். அடுத்த நொடியில் வந்து மோதும் சத்தம் காதுக்கு எட்டும் முன்பே நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது.

இது குறிப்பிட்ட ஒரு சனிக்கிழமையின் கதை அல்ல. பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் ஷில்லாங்கிலும் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இப்படிப்பட்ட இரவுகள் நடந்து வருகின்றன. சினிமாவில் இந்த இசைக்கு இடம் இல்லை. ரேடியோவில் ஒலிப்பது அபூர்வம். கல்யாண வீட்டில் வாசிக்க யாரும் கூப்பிடப் போவதில்லை. 'அண்டர்கிரவுண்ட்' என்ற அடைமொழி இதற்கு வெறும் அலங்காரமல்ல, விலாசம். அந்த விலாசத்தில் இருக்கும் கூடங்கள்தான் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன.

முதன்முறை கேட்பவருக்கு இது இசையாகவே தோன்றாது. ஆனால் இந்த இரைச்சலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் தகட்டு ஆலை ஒன்றில் வேலை பார்த்தார் டோனி அயோமி என்ற இளைஞர். அவர் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் துண்டித்துவிட்டது. இடது கைப் பழக்கம் உள்ள அவருக்கு கிதாரின் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்கள் அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தாமே செய்துகொண்ட உறைகளை மாட்டி அவர் மீண்டும் வாசித்தார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய தந்திகளைப் பயன்படுத்தினார். பின்னர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அதனால் ஒலி கனத்தது, இருண்டது. அவருடைய பிளாக் சாபத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970-ல் வெளிவந்தது. ஹெவி மெட்டலின் பிறப்புச் சான்றிதழாக இன்றும் பெரும்பாலோர் காட்டுவது அதைத்தான்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள், சுருதியை இன்னும் இறக்கினார்கள். பாடகர்கள் பாடுவதை விட்டு உறுமத் தொடங்கினார்கள். தொண்டை கிழியக் கத்துவது போலத் தோன்றும் இந்த உறுமலுக்கு முறையான சாதகம் தேவை. மூச்சை அடிவயிற்றிலிருந்து தாங்கிப் பிடித்து, குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிர வைக்க வேண்டும். திபெத்திய பௌத்த மடாலயங்களில் பிட்சுக்கள் அடித்தொண்டையில் மந்திரம் ஓதும்போது அதிர்வதும் ஏறக்குறைய அதே மடிப்புகள்தான். தெரியாமல் கத்துபவருக்கு இரண்டாவது பாட்டிலேயே குரல் போய்விடும். தெரிந்தவர் நாற்பது நிமிடம் உறுமிவிட்டு மேடையை விட்டு இறங்கி, சாதாரணக் குரலில் தண்ணீர் கேட்பார்.

இந்தியாவில் இந்த இசை வேர்விட்டது கல்லூரி வளாகங்களில். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு காஸெட்டிலிருந்து நகல், அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் என்று பரவியது. 1984-ல் பம்பாயில் தொடங்கப்பட்ட ராக் மெஷின் குழு (பின்னாளில் இண்டஸ் க்ரீட்) இந்தியர்களாலும் சொந்தமாக ராக் பாடல்களை எழுதி வாசிக்க முடியும் என்று காட்டியது. 1986-ல் ஃபர்ஹாத் வாடியா பம்பாயின் ரங் பவன் திறந்தவெளி அரங்கில் தொடங்கிய 'இண்டிபெண்டன்ஸ் ராக்' விழா, ஆண்டுக்கு ஒரு முறை நாடெங்குமிருந்து குழுக்களை இழுத்தது. பெங்களூரில் 1980களின் இறுதியில் உருவான மில்லெனியம், நாட்டின் ஆரம்பகால ஹெவி மெட்டல் குழுக்களில் ஒன்று. 1991-ல் செயற்கைக்கோள் டெலிவிஷன் வந்தபோது, காஸெட்டில் கேட்ட முகங்களை முதன்முதலாகப் பார்க்க முடிந்தது. 1993-ல் அலகாபாதிலிருந்து, யாரும் எதிர்பாராத அந்த ஊரிலிருந்து, 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. எந்த ஊரில் எந்தக் குழு வாசிக்கிறது என்பது அதன் பிறகுதான் அடுத்த ஊருக்குத் தெரிந்தது.

ஆனால் அன்றைய கல்லூரிப் போட்டிகளில் கைதட்டல் வாங்க ஒரே வழி, வெளிநாட்டுக் குழுக்களின் பிரபலமான பாடல்களை அச்சுப் பிசகாமல் வாசிப்பது. சொந்தப் பாடலை ஆரம்பித்தால் கூட்டம் டீக்கடைக்குப் போய்விடும். இந்த வழக்கத்தை உடைத்தது சின்ன கிளப்புகள்தான். இங்கே பரிசு இல்லை, நீதிபதிகள் இல்லை. வந்திருக்கும் நூறு பேரும் புதிதாக எதையாவது கேட்கத்தான் வந்திருக்கிறார்கள். 1998-ல் பெங்களூரில் தொடங்கிய க்ரிப்டோஸ், 2000-ல் மும்பையில் சாஹில் மகிஜா தொடங்கிய டெமோனிக் ரெசரக்ஷன், 2003-ல் அதே நகரில் பிறந்த பயானக் மௌத் ஆகிய குழுக்கள் சொந்தப் பாடல்களை முன்வைத்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவை.

2007-ம் ஆண்டு மார்ச் 17-ம் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்தில் இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் வாசித்தது. ரயிலிலும் பஸ்ஸிலும் நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து ரசிகர்கள் வந்து இறங்கினார்கள். தன் ஊரில் தான் ஒருவன்தான் இந்தப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், தன்னைப் போலப் பல்லாயிரம் பேர் இருப்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தான். 2011 அக்டோபரில் அமெரிக்காவின் மெட்டாலிகா வந்தது. தில்லியை அடுத்த குர்காவ்னில் நடக்கவிருந்த நிகழ்ச்சி கடைசி நேரத்தில் ரத்தாகி, ஆத்திரமடைந்த கூட்டம் மேடையைச் சூறையாடியது. இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று, பெங்களூரில் அதே குழு வாசித்தபோது பெரும் கூட்டம் மழைச் சேற்றில் நின்று கேட்டது. 2012-ல் ஜெர்மனியின் வாக்கன் விழாவின் ஒத்துழைப்போடு 'பெங்களூர் ஓபன் ஏர்' தொடங்கியது.

மைதானங்கள் நிரம்பின என்பதால் கிளப்புகள் செழித்துவிடவில்லை. அயர்ன் மெய்டனுக்கு ரயிலேறி வந்தவர்களில் பெரும்பாலோர், தங்கள் தெருவுக்குப் பக்கத்தில் சனிக்கிழமை வாசிக்கும் உள்ளூர்க் குழுவைக் கேட்க ஆட்டோ ஏறவில்லை. மைதானத்தில் கூடுவது திருவிழாக் கூட்டம். கிளப்பில் கூடுவது தினசரி பூஜைக்கு வரும் கூட்டம். கோயில் நடப்பது என்னவோ இரண்டாவது கூட்டத்தால்தான்.

இந்த பூஜையின் பொருளாதாரம் எளியது, இரக்கமற்றது. ஓர் இரவில் மூன்று அல்லது நான்கு குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் முப்பது அல்லது நாற்பது நிமிடம். நடுவில் மேடை மாற்றக் கால் மணி. வாசலில் வசூலாகும் நுழைவுக் கட்டணத்தில் ஒலி அமைப்பின் வாடகையும் சவுண்ட் இன்ஜினியரின் சம்பளமும் போக மிஞ்சுவதைக் குழுக்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பல இரவுகளில் பங்கு போடும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்யும் அறைக்கும், தேய்ந்த தந்திகளுக்கும், உடைந்த டிரம்ஸ் குச்சிகளுக்கும் ஆகும் செலவு கைக்காசு. மூலையில் ஒரு மேஜையில் டி-ஷர்ட்டும் சி.டி.யும் விற்பார்கள். பாட்டை இணையத்தில் இலவசமாகக் கேட்டுவிடும் ரசிகன், டி-ஷர்ட்டை மட்டும் காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும். குழுக்களைப் பல சமயம் காப்பாற்றுவது அந்தத் துணிதான்.

கிளப் முதலாளிக்கும் கணக்கு உண்டு. அவருக்கு லாபம் வருவது நுழைவுச் சீட்டில் அல்ல, சமையலறையிலும் மதுக்கூடத்திலும். உட்கார்ந்து சாப்பிடும் குடும்பங்கள் இந்தச் சத்தத்தில் வர மாட்டார்கள். வருகிற கூட்டமோ பாதிப் பேர் மாணவர்கள். ஒரே ஒரு பீரை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டுவார்கள். பழைய இந்திப் பாட்டுகளை ஒலிக்கவிட்டால் அதே இரவில் பல மடங்கு வியாபாரம் ஆகும். ஆகவே மெட்டல் குழுக்களுக்கு இடம் தருகிற முதலாளி, பெரும்பாலும் தாமே ஒரு காலத்தில் கிதார் தொட்டவராக இருப்பார். அப்படிப்பட்டவரின் பொறுமையும் வாடகை ஒப்பந்தமும் ஒரே சமயத்தில் முடியும்போது கிளப்பும் முடிந்துவிடுகிறது.

கணக்கு சரியாக வந்தாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெஸிபல், வணிகப் பகுதியில் 55 டெஸிபல் என்று வரம்பு கட்டுகின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஒரு தனியார் இடத்திலிருந்து வெளியே கசியும் சத்தம், அந்தப் பகுதியின் வரம்பை 5 டெஸிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. கல்லூரியும் மருத்துவமனைகளும் சூழ்ந்த ரங் பவன், அமைதி மண்டலம் என்ற காரணத்தால் 2000களின் தொடக்கத்திலேயே ராக் இசைக்குக் கதவடைத்தது. ஒரு தலைமுறை வளர்ந்த மேடை அது.

பெங்களூரின் சிக்கல் வேறு விதம். கர்நாடகத்தில் 'லைவ் பேண்ட்' என்றால் நெடுங்காலமாகப் பெண்கள் நடனமாடும் மதுக்கூடம் என்றே அர்த்தம். அவற்றைக் கட்டுப்படுத்த நகரக் காவல் ஆணையர் 2005-ல் ஓர் உத்தரவு பிறப்பித்தார். பொதுக் கேளிக்கை நடத்தும் இடங்களுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்றது அது. வலை வீசியது ஒரு மீனுக்கு, சிக்கியது வேறு மீன். 2008-ல் போலீஸ் கெடுபிடி தொடங்கியபோது, கிதார் வைத்திருந்தவர்களும் அதே பட்டியலில் சேர்ந்தார்கள். 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. தொடர்ந்து லைசென்ஸ் இல்லாத மதுக்கூடங்களில் மேடை இசை நின்றது. லைசென்ஸ் வாங்கக் கட்டடச் சான்றிதழும் தீயணைப்புத் துறையின் ஒப்புதலும் தேவை. நகரின் பல பழைய கட்டடங்களில் அவை கிடையாது. சான்றிதழ் இல்லாத கட்டடத்தில் இட்லி விற்கலாம், மது விற்கலாம், டிரம்ஸ் மட்டும் அடிக்கக் கூடாது என்ற நிலை உண்டாயிற்று.

எதிர் வீட்டுக்காரர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இந்திரா நகர் போன்ற பகுதிகள் ஓய்வுபெற்றவர்கள் அமைதி தேடி வீடு கட்டிக்கொண்ட இடங்கள். அங்கே தெருவுக்குத் தெரு மதுக்கூடம் முளைத்தபோது அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. பேஸ் கிதாரின் தாழ்ந்த ஒலியைச் சுவரால் அடைப்பது எளிதல்ல. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடிக் கதவும் மெல்லிய பலகையும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. முறையாகத் தடுக்க இரட்டைச் சுவர் எழுப்ப வேண்டும், இரண்டுக்கும் இடையே காற்று இடைவெளி விட வேண்டும், மேடையைத் தரையிலிருந்து பிரித்து ரப்பர் மேல் நிறுத்த வேண்டும். வாடகைக் கட்டடத்தில், நாளை காலி செய்யச் சொன்னால் போக வேண்டிய இடத்தில், யார் இவ்வளவு பணம் போடுவார்கள்? பணம் போட மாட்டார்கள். சத்தம் கசியும். போலீஸ் வரும்.

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மும்பையில் மெட்டல் குழுக்களின் புகலிடமாக இருந்த ஜூஹுவின் ரேஸ்பெரி ரைனாசரஸ் மறைந்தது. அந்தேரியின் பி69 மறைந்தது. 2007-ல் பகட்டாகத் தொடங்கிய ப்ளூ ஃப்ராக் 2016-ல் மும்பைக் கதவை மூடியது. பெங்களூர் இந்திரா நகரில் 2013-ல் திறந்த ஹம்மிங் ட்ரீ 2019-ல் விடைபெற்றது. 2020-ல் வந்த கொரோனா, மிச்சமிருந்த மேடைகளையும் நீண்ட காலம் இருட்டில் வைத்தது. ஓர் இடம் மூடினால் சில மாதங்களில் இன்னோர் இடம் திறக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் ரசிகர்களைப் புதிதாகத் திரட்ட வேண்டும், புதிய முதலாளியிடம் முதலிலிருந்து கெஞ்ச வேண்டும்.

கிளப்புக்குள் திரும்பினால், மூன்றாவது குழு உச்சத்தில் இருக்கிறது. மேடைக்கு முன்னால் கூட்டம் விலகி ஒரு வட்டம் உண்டாகிறது. அதற்குள் இளைஞர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து மோதுகிறார்கள். வாசலில் நிற்கும் காவலாளி முதல் முறை பார்க்கிறவராக இருந்தால் அடிதடி என்றே நினைப்பார். ஆனால் வட்டத்துக்குள் எழுதாத சட்டம் உண்டு. கீழே விழுந்தவனை மோதியவனே தூக்கி நிறுத்த வேண்டும். மூக்குக்கண்ணாடி விழுந்தால் ஒருவன் அதை உயரே தூக்கிப் பிடித்துக்கொண்டு உரியவனைத் தேடுவான். விருப்பமில்லாதவரை உள்ளே இழுக்கக் கூடாது. பெண்கள் எண்ணிக்கையில் குறைவு. இந்த உலகம் இன்னும் பெரும்பாலும் ஆண்களின் உலகம்தான். எழுதாத சட்டத்தை மதிக்காத ஒருவன் போதும், ஒரு பெண் இரண்டாம் முறை வராமல் போக.

காதுகளின் நிலைதான் கவலைக்குரியது. இப்படிப்பட்ட கூடங்களில் சத்தம் 100 டெஸிபலைச் சாதாரணமாகத் தாண்டும். 85 டெஸிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெஸிபலில் கால் மணி நேரம்தான் பத்திரம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிபுணர்கள் பின்பற்றும் கணக்கு. இசைக்கூடங்களில் சராசரி 100 டெஸிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்தது. பழுத்த வாத்தியக்காரர்கள் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் மேடை ஏறுகிறார்கள். இருபது வயது ரசிகன் ஒலிபெருக்கிக்கு ஓரடி தூரத்தில் வெறும் காதோடு நிற்கிறான்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது என்ன? சிலருக்கு உலகம் கிடைத்திருக்கிறது. க்ரிப்டோஸ் 2010-ல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தது. 2013-ல் வடக்கு ஜெர்மனியில், சுமார் 2,000 பேர் வசிக்கும் வாக்கன் கிராமத்தில் ஆண்டுதோறும் கூடும் மெட்டல் பெருவிழாவில் வாசித்தது. 2014-ல் அதே விழாவின் போட்டி மேடைக்கு ஷில்லாங்கின் ப்ளேக் த்ரோட் போனது. டெமோனிக் ரெசரக்ஷன் 2017-ல் தசாவதாரத்தை வைத்தே ஓர் ஆல்பம் செய்தது. சாத்தானின் இசை என்று வெளிநாட்டில் பழி சுமந்த வடிவத்துக்குள் மச்சமும் கூர்மமும் நுழைந்தன. 1992-லேயே சிங்கப்பூரில் தொடங்கி, சம்ஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தத்தையும் இந்த இசையில் கலந்த ருத்ரா இந்த வழியில் முன்னோடி. தில்லியின் ப்ளடிவுட் டோலக்கின் மூத்த சகோதரனான 'டோல்' வாத்தியத்தோடு இந்தி, பஞ்சாபிப் பாட்டுகளைச் சேர்த்து, 2019-ல் வாக்கன் மேடையைக் கலக்கியது.

ப்ளடிவுட் இணையத்தின் பிள்ளை. யூட்யூப் வழியே பெயர் பெற்ற பிறகே மேடைக்கு வந்தது. அப்படியென்றால் கிளப் எதற்கு என்று கேட்கலாம். ஒரு குழுவுக்கு அந்த அதிர்ஷ்டம் அடித்தால் மற்றவை வீட்டு அறையிலேயே வாசித்து, வீட்டு அறையிலேயே கலைந்துவிடும். கம்ப்யூட்டரில் தவறை அழித்துவிட்டுத் திரும்ப வாசிக்கலாம். மேடையில் தந்தி அறுந்தால் மற்ற மூவரும் கண்ணால் பேசிக்கொண்டு பாட்டைக் கரை சேர்க்க வேண்டும். அந்தப் பாடத்துக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. உலகம் சுற்றிய சாஹில் மகிஜாவே சமையல் நிகழ்ச்சி மூலம்தான் இன்னும் பரவலாக அறியப்பட்டார். மெட்டல் குழுக்களைப் பேட்டி கண்டபடியே சமைத்துக் காட்ட அவர் தொடங்கிய 'ஹெட்பேங்கர்ஸ் கிச்சன்', பிற்பாடு மாவுச்சத்துக் குறைந்த உணவுகளுக்காகப் பெயர் பெற்றது. உறுமலை விடச் சமையல் கைகொடுக்கும் என்பது இந்தத் தொழிலின் நிலைமைக்கு ஓர் அளவுகோல்.

கடைசிக் குழு மேடை ஏறும்போது கடிகாரம் எமனாக நிற்கிறது. முந்தைய குழுக்கள் ஐந்து ஐந்து நிமிடமாகத் தின்ற நேரம் இவர்கள் தலையில் விடிகிறது. ஆறு பாடல்களோடு வந்தவர்களுக்கு நான்குக்குத்தான் நேரம். நான்காவது முடிந்ததும் கூட்டம் இன்னும் ஒன்று கேட்டுக் குரல் எழுப்புகிறது. பாடகர் சவுண்ட் இன்ஜினியரைப் பார்க்கிறார். அவர் முதலாளியைப் பார்க்கிறார். முதலாளி ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கிறார். பிறகு தலையை ஆட்டுகிறார். விளக்கு எரிகிறது.

வெளியே வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சத்தமாகவே பேசிக்கொள்கிறார்கள். காதில் இன்னும் ரீங்காரம். நான்கு இளைஞர்களும் அதே படிக்கட்டில் அதே பெட்டிகளை இறக்குகிறார்கள். இரண்டு ஆட்டோக்காரர்கள் சாமான்களைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிறார்கள். மூன்றாமவர் மீட்டருக்கு மேல் கேட்டு ஏற்றிக்கொள்கிறார். எதிர் மாடியில் ஒரு ஜன்னல் விளக்கு அணைகிறது. தெருவுக்கு அமைதி திரும்புகிறது. அடுத்த சனிக்கிழமைக்கு எந்தக் கிளப் என்று ஆட்டோவிலேயே பேச்சு ஆரம்பமாகிவிடுகிறது.